ரோட்ரி இல்லாத நடுக்களம்

2024 செப்டம்பர் 22 அன்று எதிஹாட் அரங்கில் மான்செஸ்டர் சிட்டியும் ஆர்சனலும் மோதின. ஆட்டம் தொடங்கி இருபது நிமிடங்கள்கூட ஆகவில்லை. கார்னர் உதைக்காகக் காத்திருந்த நெரிசலில் எதிரணி வீரர் ஒருவரோடு இடறிக்கொண்டு சிட்டியின் நடுக்கள ஆட்டக்காரர் ரோட்ரி தரையில் விழுந்தார். வலது முழங்காலில் முன்சிலுவைத் தசைநார் அறுந்திருந்தது, குருத்தெலும்பும் சேதமுற்றிருந்தது. அவர் மீண்டும் களத்தில் கால் வைக்க எட்டு மாதங்கள் ஆயின. அந்த எட்டு மாதங்களில் நேர்ந்தவற்றைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் இரண்டு விளக்கங்களே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டன. ஒரே மனிதனை நம்பி நின்ற அணி அவன் விழுந்ததும் விழுந்தது என்பது ஒன்று. பயிற்சியாளர் குவார்டியோலாவின் காலம் முடிந்துவிட்டது என்பது மற்றொன்று. இரண்டுமே எளிதான விளக்கங்கள். என் கருத்து இவ்விரண்டிலிருந்தும் சற்று விலகி நிற்கிறது.

முதலில் நடந்ததை நினைவுபடுத்திக் கொள்வோம். ரோட்ரி விழுந்த மறுநாளே சிட்டி சரிந்துவிடவில்லை. அடுத்த ஐந்து வாரங்களில் ஆடிய ஏழு ஆட்டங்களில் ஆறில் வெற்றி, ஒன்றில் சமன். புள்ளிப் பட்டியலைப் பார்த்தவர்களுக்குக் கவலைப்பட ஏதுமில்லை. ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இருந்திருக்கும். ஃபுல்ஹாம் அணியைச் சொந்த மண்ணில் 3-2 என்று தட்டுத் தடுமாறி வென்றார்கள். வுல்வ்ஸுக்கு எதிராகக் காயநேரத்தில் ஜான் ஸ்டோன்ஸ் தலையால் முட்டிய கோல்தான் காப்பாற்றியது. அக்டோபர் 28 அன்று பாரீஸில் ரோட்ரிக்கு பாலன் டி ஓர் விருது வழங்கப்பட்டது. ஊன்றுகோல்களின் துணையோடு மேடையேறி அதைப் பெற்றுக்கொண்டார். (விருது வினீசியஸுக்குக் கிடைக்காது என்றறிந்ததும் ரியல் மாட்ரிட் குழுவினர் விழாவுக்கே வராமற்போன கதையைத் தனியே எழுதலாம்.) இரண்டு நாட்கள் கழித்து லீக் கோப்பையில் டாட்டன்ஹாமிடம் சிட்டி தோற்றது. அன்று தொடங்கி டிசம்பர் 26 வரை பதின்மூன்று ஆட்டங்கள்: ஒன்பது தோல்வி, மூன்று சமன், ஒரே ஒரு வெற்றி. தொடர்ச்சியாக நான்கு முறை இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்ற முதல் அணி என்ற பெருமையை அதே ஆண்டு மே மாதத்தில் பெற்றிருந்த அணி அது.

தோல்விகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் வடிவமே என்னை யோசிக்க வைத்தது. பிரைட்டனுக்கு எதிராக 78ஆம் நிமிடம்வரை சிட்டி முன்னிலையில் இருந்தது; 2-1 என்று தோற்றது. ஃபேயனூர்டுக்கு எதிராக 75ஆம் நிமிடத்தில் 3-0, முடிவில் 3-3. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக 88ஆம் நிமிடம்வரை 1-0, முடிவில் 1-2. கோல் அடிக்கத் தெரியாமல் இந்த ஆட்டங்கள் கைநழுவவில்லை. ஹாலந்த் இருந்தார், அடித்துக்கொண்டும் இருந்தார். கையில் உள்ளதை வைத்துக்கொள்ளத் தெரியாமற் போயிற்று.

இங்கேதான் ரோட்ரி செய்கிற வேலை என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு மையத் தடுப்பாளர்களுக்கு முன்னால், தாக்குவோர் அனைவருக்கும் பின்னால், களத்தின் நடுவே அவர் நிற்கிறார். சிட்டியின் ஆட்டமுறையில் பக்கத் தடுப்பாளர்களும் முன்னேறிவிடுவார்கள். எதிரணியின் பாதி மைதானத்தில் எட்டுப் பேர் நெருக்கியடித்து நிற்கையில், அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரும் வெற்றுவெளி திறந்து கிடக்கும். பந்து பறிபோன கணத்தில் அந்த வெளிக்குள் எதிரி ஓடி வருவான். வருகிற வழியை முன்கூட்டியே கணித்து, அவன் மூன்றாவது எட்டு வைக்குமுன் மறிப்பது ரோட்ரியின் முதல் வேலை. மறிக்க முடியாவிடில் நடுவர் மன்னிக்கத்தக்க அளவில் ஒரு ஃபவுல் செய்து ஆட்டத்தை நிறுத்துவதும் அதில் அடக்கம். இரண்டாவது வேலை இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. ஆட்டம் சூடேறும்போது பந்தை வாங்கி, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்து, திரும்ப வாங்கி, இன்னொரு பக்கம் கொடுத்து, வேகத்தைத் தணிப்பார். பார்வையாளனுக்கு அது சலிப்பூட்டும். ஆனால் எதிரணியின் மூச்சு அங்கேதான் வாங்குகிறது. கடைசிப் பதினைந்து நிமிடங்களில் சிட்டி இழந்தது இந்தச் சலிப்பைத்தான்.

புறப்பொருள் வெண்பாமாலையின் தும்பைப் படலத்தில் 'எருமை மறம்' என்றொரு துறை உண்டு. தன் படை உடைந்து பின்வாங்கும்போது, அதன் பின்னே தனியொருவனாக நின்று எதிரியை எதிர்கொள்ளும் வீரனைப் பாடுவது. முன்னணியில் பாய்கிற குதிரைக்கும் களிற்றுக்கும் எத்தனையோ உவமைகள் கண்ட மரபு, பின்னால் நின்றவனுக்கென்று ஒரு துறையை ஒதுக்கி, அதற்கு எருமையின் பெயரையும் வைத்தது. அழகில்லாத, அசையாத, தள்ள முடியாத விலங்கு. நவீனக் கால்பந்தின் தற்காப்பு நடுக்கள ஆட்டக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் அறியேன்.

சரி, ரோட்ரி இல்லையென்றால் தோல்வி என்பது அக்டோபரில்தான் தெரியவந்ததா? இல்லை. 2023 பிப்ரவரி முதல் 2024 மே மாதம்வரை அவர் சிட்டிக்காக ஆடிய 74 ஆட்டங்களில் ஒன்றில்கூட அணி தோற்கவில்லை (பெனால்டி உதைகளில் முடிவானவை சமன் என்றே கணக்கு). 2023-24 லீக் பருவத்தில் சிட்டி மூன்றே ஆட்டங்களில் தோற்றது: வுல்வ்ஸ், ஆர்சனல், ஆஸ்டன் வில்லா. மூன்றிலும் ரோட்ரி இல்லை. இடைநீக்கத் தண்டனையால் வெளியே இருந்தார். அதற்கும் முன்னால், 2021 மே மாதம் போர்ட்டோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், குவார்டியோலா தாமாகவே ரோட்ரி, ஃபெர்னாண்டின்யோ இருவரையும் தொடக்க அணியில் சேர்க்காமல் செல்சியை எதிர்கொண்டார். 1-0 என்று தோற்றார். இரண்டாண்டுகள் கழித்து இஸ்தான்புல்லில் இன்டர் மிலானுக்கு எதிரான இறுதியாட்டத்தில் ரோட்ரி ஆடினார். ஒரே கோலையும் அவரே அடித்தார். சான்றுகள் இத்தனை இருந்தும், அவர் விழுந்தபோது அந்த இடத்தில் நிற்கப் பழகிய இன்னொருவர் அணியில் இல்லை.

2022இல் லீட்ஸ் அணியிலிருந்து கல்வின் பிலிப்ஸை நாற்பது மில்லியன் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது இதற்காகத்தான். அவர் தொடக்கத்திலிருந்து ஆடிய லீக் ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ரோட்ரி காயமுற்ற நாளில் அவர் இப்ஸ்விச் அணிக்கு இரவல் கொடுக்கப்பட்டிருந்தார். எஞ்சியவர்கள் கோவாசிச்சும், முப்பத்து நான்கு வயதை எட்டிக்கொண்டிருந்த குண்டோகனும். இருவரும் நல்ல ஆட்டக்காரர்கள், ஆனால் இது அவர்கள் தொழில் அன்று. போர்ட்டோ அணியிலிருந்து நிக்கோ கொன்சாலஸை வாங்கியபோது 2025 பிப்ரவரி பிறந்திருந்தது. ரூபன் டயஸ், ஸ்டோன்ஸ், அகாஞ்சி ஆகியோரும் அவ்வப்போது காயமுற்றனர், டி பிராய்னவுக்கும் கைல் வாக்கருக்கும் வயதாகிவிட்டது என்று வாதிடுவோர் உண்டு. உண்மைதான். ஆயினும் தளர்ந்த கால்களை மறைத்துக் கொடுத்தவரும் முன்பு ரோட்ரியே அல்லவா?

எதிர்வாதத்துக்கு உண்மையான வலுச் சேர்ப்பது வேறொரு ஆட்டம். 2024 ஜூலை 14, பெர்லின், ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். ஸ்பெயினும் இங்கிலாந்தும். முதற்பாதியின் முடிவில் ரோட்ரி காயமுற்று வெளியேறினார். இடைவேளைக்குப் பின் சுபிமெண்டி வந்தார். இரண்டாம் பாதி தொடங்கிய உடனேயே ஸ்பெயின் கோலடித்து, 2-1 என்று கோப்பையை வென்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் இல்லாமலேயே! காரணம் எளிது. சுபிமெண்டி அதே தொழிலைச் சிறுவயது முதல் கற்றவர். ஆள் மாறினார், வேலை மாறவில்லை. ஆகவே 'ஒரு மனிதனை நம்பிய அணி' என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. சிட்டியில் இல்லாமற் போனது ஒரு தொழில். அது நிர்வாகத்தின் குறை.

இதை 2002 உலகக் கோப்பையின் பிரான்ஸோடு ஒப்பிடலாம். தொடருக்குச் சில நாட்களுக்கு முன் தென் கொரியாவோடு ஆடிய நட்பு ஆட்டத்தில் சிடான் தொடையில் காயமுற்றார். இங்கிலாந்து, இத்தாலி, பிரான்ஸ் ஆகிய மூன்று நாட்டு லீக்குகளிலும் அப்பருவத்தில் கோல் பட்டியலின் உச்சியில் இருந்த ஹென்றி, டிரெசெகே, சிசே மூவரும் அந்த அணியில் இருந்தார்கள். மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட விழவில்லை. நடப்பு உலகச் சாம்பியன் முதற்சுற்றோடு வெளியேறியது. சிடானின் இன்மைக்கு மாற்று இருந்திருக்க முடியாது, அவர் கலை அத்தகையது. ரோட்ரியின் இன்மைக்கு மாற்று இருந்திருக்க முடியும் என்பதே வேறுபாடு. வகுப்பில் இடைச்சொல் நடத்தும்போது மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். தனித்துப் பொருள் தராத ஒன்றைப் பற்றி என்ன இத்தனை நூற்பாக்கள் என்று கேட்பார்கள். வேற்றுமை உருபை எடுத்துவிட்டால் யார் யாரை அடித்தார் என்பதே தெரியாது என்பேன். சிரிப்பார்கள்.

இனி எனக்கு உண்மையிலேயே சினமூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். காயத்துக்கு ஐந்து நாட்களுக்கு முன், செப்டம்பர் 17 அன்று, செய்தியாளர்களிடம் ரோட்ரி ஒன்று சொன்னார். ஆட்டங்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகிறது, வீரர்கள் வேலைநிறுத்தத்தை நெருங்கிவிட்டார்கள் என்று. ஒரு மனித உடல் உச்ச நிலையில் ஆடத்தக்கது ஆண்டுக்கு நாற்பது முதல் ஐம்பது ஆட்டங்கள் என்பது அவர் கணிப்பு. முந்தைய பருவத்தில் கிளப்புக்கும் நாட்டுக்குமாக அவர் ஆடியவை அறுபதுக்கும் மேல். கோடி கோடியாய்ச் சம்பாதிக்கிறவர்களுக்கு என்ன குறை என்று அப்போது பலர் எள்ளினார்கள். அந்த ஓர் ஆர்சனல் ஆட்டத்து இடறலுக்குக் களைப்பே காரணம் என்று நான் சொல்லமாட்டேன்; அதை யாரும் நிறுவ முடியாது. ஆனால் அவர் இல்லாவிட்டால் தோற்கிறோம் என்பதாலேயே அவரை ஒவ்வோர் ஆட்டத்திலும் இறக்குவதும், இறக்கியபடியே மாற்றாளை வளர்க்காமல் விடுவதும் எப்படிப்பட்ட நிர்வாகம்? சாம்பியன்ஸ் லீக்கின் முதற்கட்டம் அந்தப் பருவத்திலிருந்து ஆறு ஆட்டங்களுக்குப் பதில் எட்டானது. பருவம் முடிந்த கையோடு, அமெரிக்காவில் முப்பத்திரண்டு அணிகளின் கிளப் உலகக் கோப்பையை ஃபிஃபா சேர்த்தது. 2024 அக்டோபரில் வீரர்களின் ஐரோப்பியச் சங்கமும் ஐரோப்பிய லீக்குகளின் அமைப்பும் ஃபிஃபாவுக்கு எதிராக ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டன. அட்டவணை மாறவில்லை.

சிட்டி அப்பருவத்தை 71 புள்ளிகளோடு மூன்றாமிடத்தில் முடித்தது. எஃப்.ஏ. கோப்பை இறுதியில் கிரிஸ்டல் பேலஸிடம் தோற்றது. 2025 மே 20 அன்று போர்ன்மத்துக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ரோட்ரி களமிறங்கினார். அரங்கம் எழுந்து நின்றது. அடுத்த மாதமே அணி அமெரிக்கா சென்றது. ஜூன் 30 இரவு, ஓர்லாண்டோவில் அல் ஹிலாலுக்கு எதிராக இரண்டாம் பாதியில் மாற்றாளாக இறக்கப்பட்டவர், கூடுதல் நேரத்தில் மீண்டும் காயமுற்று வெளியேறினார். அடுத்த பருவம் தொடங்க ஏழு வாரங்கள்கூட இருக்கவில்லை.