உலராத கண்ணாடி

கழுவித் துடைத்து வெயிலிற் கவிழ்த்து வைத்த கண்ணாடிக் குவளையைக் கையில் எடுத்து, ‘நன்றாக உலர்ந்துவிட்டது’ என்கின்றோம். கண்ணுக்கும் விரலுக்கும் அது மெய்யே. ஆயினும் விஞ்ஞானி அதனை ஒப்புக்கொள்ளார். சாதாரண காற்றில் இருக்கும் கண்ணாடி எதுவும் நீர் மூலக்கூறுகளாலாய மெல்லிய போர்வையொன்றைப் போர்த்தபடியே இருக்கின்றது என்பார் அவர்.

இப்போர்வை உண்டாவது எங்ஙனம்? கண்ணாடியின் பெரும்பகுதி சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த சிலிக்காவாகும். அதன் உள்ளேயுள்ள அணுவுக்குச் சுற்றிலும் துணை உண்டு. மேற்பரப்பிலுள்ள அணுவுக்கோ ஒரு புறத்தில் துணையில்லை. ஆதலின், காற்றிலே திரியும் நீராவி மூலக்கூறு வந்து மோதியதும் அதனைப் பற்றிக்கொள்கின்றது. முதலில் வருவன பிரிந்து, ஐதரொட்சிற் கூட்டங்களாக மேற்பரப்போடு இறுகப் பிணைகின்றன. பின் வருவன அவற்றின்மீது ஐதரசன் பிணைப்பினால் தளர்வாக ஒட்டுகின்றன. அலுமினியப் பாத்திரத்தை மூடியிருக்கும் ஒட்சைட்டுப் படையிலும் இவ்வாறே நிகழும். மேற்பரப்பிலே தங்குவதால் இதற்குப் புறத்துறிஞ்சல் என்று பெயர்.

இப்படையின் தடிப்பு, மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஓரிரு கூறளவே. இத்துணை நுண்ணிய படையால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். மின்குமிழின் வரலாறு விடை கூறுகின்றது.

இர்விங் லாங்மியூர் என்னும் அறிஞர், 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அந்நாளைய தங்குதன் இழைக் குமிழ்கள், காற்று அகற்றப்பட்டிருந்தும், நாளடைவில் உட்புறம் கறுத்து ஒளி மங்கின. லாங்மியூர் குமிழ்களைச் சூடாக்கி, கண்ணாடியிலிருந்து வெளிவந்த வாயுக்களை அளந்தார். அவற்றுள் நீராவியே மிகுதியாக இருந்தது.

அந்நீராவி செய்த வேலை விந்தையானது. வெண்சூடேறிய இழையைத் தொட்டதும் நீர் பிரிகின்றது. அதன் ஒட்சிசன் தங்குதனோடு கூடி ஒட்சைட்டாகப் பறந்து சுவரிற் படிகின்றது. ஐதரசன் அணுக்கள் அவ்வொட்சைட்டிலுள்ள ஒட்சிசனைப் பறித்து மீண்டும் நீராகின்றன; கரிய உலோகம் சுவரிலே தங்கிவிடுகின்றது. பிறந்த நீரோ மறுபடியும் இழையை நாடிச் செல்கின்றது. சுமையை இறக்கிவிட்டு அடுத்த சுமைக்குத் திரும்பும் வண்டியைப் போல, சிறிதளவு நீரே தன்னளவிற் குறையாமல் இழையை அரித்துவிடும்.

ஆகவே, காற்றை அகற்றும்போதே குமிழை நன்கு சூடாக்குதல் இன்றியமையாததாயிற்று. நீரை விலக்கிய பின்னும் ஓரளவு கறுப்பு எஞ்சியது. தங்குதன் தானே ஆவியாவதே அதற்குக் காரணம் என்று லாங்மியூர் கண்டார். அதனைக் குறைக்க நைதரசனும், பின்னர் ஆகனும் நிரப்பப்பட்டன. மேற்பரப்பு இரசாயனத்தில் அவர் ஆற்றிய பணிக்கு 1932இல் நோபெல் பரிசு கிடைத்தது. இன்று அக்குமிழ்களின் இடத்தைப் பெரும்பாலும் எல்.ஈ.டி. விளக்குகள் பெற்றுவிட்டன, எனினும் உயர் வெற்றிடக் கருவிகளைச் சூடாக்கி நீரை விரட்டும் முறை நீடிக்கின்றது.

இங்குப் பகையாக நின்ற புறத்துறிஞ்சல், நம் வீடுகளிலே நட்பாகவும் வருகின்றது. புதிய சப்பாத்துப் பெட்டியில் கிடக்கும் சிறு பொட்டலத்திலுள்ள சிலிக்கா ஜெல் மணிகள், எண்ணற்ற நுண்துளைகளை உடையன. ஒரு கிராம் மணிகளின் உட்பரப்பைச் சேர்த்தால் ஏறத்தாழ 700 சதுர மீற்றர் வரும். வலைப்பந்தாட்டக் களம் ஒன்றினும் அது பெரிது. அவ்வளவு பரப்பும் நீராவியைப் பற்றுவதாலேயே பெட்டியினுள் ஈரம் குறைகின்றது.

ஒன்றை மட்டும் மறத்தல் ஆகாது. மூலக்கூறுகள் மேற்பரப்பை அடைவதும் நீங்குவதும் ஓயாது நிகழ்வன. காற்றில் ஈரம் மிகுந்தால் வருவன மிகும். வெப்பம் மிகுந்தால் நீங்குவன மிகும். வருகையும் நீக்கமும் சமமாகும்போது பொட்டலம் நிறைந்துவிடும். ஆதலின், மாரிகாலத்தில் கமராவைக் காக்க விரும்புவோர், அப்பொட்டலத்தைத் திறந்த அலுமாரியில் வைத்துப் பயனில்லை. அறைக் காற்றின் ஈரமே அதனை நிரப்பிவிடும். இறுக மூடும் பெட்டியினுள் கமராவோடு சேர்த்து வைத்தலே முறை. நீல நிற மணிகளில் நச்சுத்தன்மையுள்ள கோபாற்றுச் சேர்வை கலந்திருக்கக்கூடும். அவை குழந்தைகளின் கைக்கு எட்டலாகாது.