காலனியிலிருந்து எத்தனை அடி?



சாலை பொது என்கிறார்கள். இருக்கட்டும். சாலையோரத்து மண்ணின் விலை யாருக்குப் பொது?

விழுப்புரத்தில் தொடங்கி புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக நாகப்பட்டினத்துக்கு நான்கு வழிச்சாலை வந்திருக்கிறது. கொத்தட்டையில் சுங்கச்சாவடியும் வந்தாயிற்று. சாலைக்கு முன்னால் வந்தவர்கள் மனைத் தரகர்கள். நெல்லும் உளுந்தும் விளைந்த வயலில் கல் நட்டு, மஞ்சள் பெயிண்ட் அடித்து, வளைவு வைத்து, 'நகர்' என்று பேர் எழுதி, கலர் கலராகக் கொடி கட்டிவிட்டார்கள். வாங்க வருகிறவர் காரை விட்டு இறங்கியதும் தண்ணி எப்படி என்று கேட்பதில்லை. "பக்கத்துல காலனி இல்லீங்களே?" என்றுதான் கேட்கிறார். "அது அந்தாண்ட இருக்குங்க, நம்ம மனைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்கிறார் தரகர். அந்தப் பதிலில்தான் விலை நிர்ணயம் ஆகிறது.

நான் வங்கியில் எழுத்தர். வீட்டுக்கடன் கேட்டு வருகிற தாள்கள் என் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போகின்றன. மூலப் பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, நகர் ஊரமைப்பு அப்ரூவல், வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை. எதிலும் சாதி என்று ஒரு கட்டம் கிடையாது. ஆனால் மதிப்பீட்டாளர் அறிக்கையில், சுற்றுப்புறம் உயர்ந்ததா, நடுத்தரமா, ஏழ்மையானதா என்று ஒரு கேள்வி இருக்கும். காலனி வீட்டுக்கு அங்கே என்ன எழுதுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம்ம ஆள் கல்லும் சிமெண்டும் ஊர்த்தெருக்காரர் வாங்கிய அதே கடையில், அதே விலைக்குத்தான் வாங்குகிறார். கொத்தனார் கூலியும் அதேதான். கட்டி முடித்த மறுநாளே அந்த வீட்டின் மதிப்பு இறங்கிவிடுகிறது. வீடு அதே வீடுதான். நிற்கிற இடம் சேரி.

மூலப் பத்திரம் எங்கே என்று கேட்கிறோமே, சேரிக்கு மூலம் எது? குடிசை போட்ட மண்ணே மிராசுதாருக்குச் சொந்தம் என்று இருந்த காலம் அதிக தூரத்தில் இல்லை. கூலி பத்தவில்லை என்று வாய் திறந்தால் வீட்டைக் காலி பண்ணு என்பார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் 1891இல் அரசுக்கு எழுதிய அறிக்கையில் இந்த நிலைமை பதிவாகியிருக்கிறது. அதன் பிறகு 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலம். பத்து வருடத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. 1920இல் தொழிலாளர் துறை வந்து சேரி சனத்துக்கு மனை வாங்கித் தர முயன்றபோது மிராசுதார்கள் அலறினார்கள். சொந்த மனை உள்ளவனை எப்படி மிரட்டுவது? 1971இல் குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம். 1978இல் ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்கும் சட்டம். அரசு கொடுத்த ஒவ்வொரு ஒப்படைப்புப் பட்டாவும் நம்மைக் காப்பாற்றும் நிபந்தனையோடு வந்தது. நிபந்தனை வேண்டியதுதான். இல்லாவிட்டால் அந்த மண் ஒரே தலைமுறையில் கைமாறிப் போயிருக்கும். நிபந்தனை இருந்தும் பஞ்சமி நிலம் எவ்வளவு போயிற்று என்பதை நாம் அறிவோம். ஆனால் அதே நிபந்தனையைக் காட்டி, இந்தப் பட்டாவுக்குக் கடன் தர முடியாது என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினால், பாதுகாப்பே கழுத்துக் கயிறு ஆகிவிடுகிறது.

விற்பவரின் கதையைப் பாருங்கள். மருத்துவச் செலவுக்கோ பிள்ளையின் படிப்புக்கோ வீட்டை விற்க வேண்டும். வாங்க யார் வருவார்? ஊர்த்தெருக்காரர் காலனிக்குள் குடிவர மாட்டார். காலனிக்குள் இருப்பவரிடம் காசு இல்லை. ஒரே ஒரு ஆள் வருகிறார், அவர் சொன்னதுதான் விலை. பக்கத்தில் சாலை வந்து மனை விலை ஏறினாலும் இந்த வாசலுக்கு அது வருவதில்லை. சாலைக்கோ வேறு திட்டத்துக்கோ அந்த இடத்தையே எடுத்தால்? 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு, அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று வருடத்தில் நடந்த விற்பனை, இவற்றைப் பார்த்துத்தான் சந்தை மதிப்பு. அதற்கு மேல் நூறு விழுக்காடு ஆறுதல் தொகை. கேட்க நன்றாக இருக்கிறது. விற்பனையே நடக்காத தெருவுக்கு எந்த விற்பனையைப் பார்த்து மதிப்புப் போடுவார்கள்? தீண்டாமையால் இறங்கிய விலையை இரண்டால் பெருக்கினாலும் அது தீண்டாமை விலைதானே?

இன்னொன்றும் நடக்கிறது. வயலில் மண் கொட்டி மேடாக்கித்தான் 'நகர்' போடுகிறார்கள். வடிய வழியில்லாத மழைத்தண்ணி பள்ளத்தில் இருக்கும் சேரிக்கு வருகிறது. அப்புறம் அறிக்கையில் 'தாழ்வான பகுதி' என்று எழுதி விலையை இன்னும் குறைக்கிறார்கள். பள்ளத்தை உண்டாக்கியது யார் என்று கேட்க அங்கே கட்டம் இல்லை.

வாங்குபவரின் கதை இது. சிதம்பரத்துக்கு வெளியே ஒரு மனைப்பிரிவில் மனை கேட்டுப் போனேன். அரசுச் சம்பளம் போல மாதா மாதம் சம்பளம், கடன் தகுதி, கையில் முன்பணம், எல்லாம் சரி. "வாங்க சார்" என்றார் விற்பனைக்காரர். எந்த ஊர் சார் என்றார். சொன்னேன். எந்தத் தெரு என்றார். சொன்னேன். கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டினார். "எல்லாம் புக் ஆயிடுச்சே தம்பி" என்றார். ரெண்டே கேள்வியில் சார் தம்பியாகிவிட்டார். அடுத்த வாரம் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் அதே இடத்தில் ரெண்டு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்தார்.

1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாறியது. எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் வீட்டைக் கட்டவோ வாங்கவோ அதில் வசிக்கவோ தீண்டாமையின் பேரில் தடுப்பது அதன்படி குற்றம். ஆனால் 'புக் ஆயிடுச்சு' என்ற சொல்லுக்கு எந்த நீதிமன்றம் தண்டனை தரும்? இதே நாட்டில்தான், பார்சிகளுக்கு மட்டும் என்று விதி வைத்த அகமதாபாத் வீட்டுச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

1930களில் அமெரிக்க அரசு அமைப்பு ஒன்று நகர வரைபடங்களில் கறுப்பர் வாழும் இடங்களைச் சிவப்பில் தீட்டிவைத்தது. அங்கே கடன் கிடைக்கவில்லை. அதை எதிர்த்து நடந்த நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1968இல் வீட்டு விற்பனையில் நிறபேதத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. இங்கே யாரும் சிவப்புத் தீட்டத் தேவையில்லை. தெருப் பேரே போதும். பேர் போதாத இடத்தில் சுவர் எழும். உத்தபுரத்துச் சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் விழுந்து நம்ம சனம் 17 பேர் செத்தார்கள்.

அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. பேர் போகட்டும். அந்தப் பேருக்காக இறக்கிய விலையும் போக வேண்டும்.

நாம் கேட்பது இவை. ஒப்படைப்புப் பட்டாவுக்கு வங்கிகள் கடன் தரும் வகையில் அரசு உத்தரவாதம் கொடுக்கட்டும், கடன் திரும்பாவிட்டால் மனை நம்மவருக்கே போகும் நிபந்தனையோடு. நிலம் எடுக்கும்போது சேரிக்கும் ஊர்த்தெருவுக்கும் ஒரே மதிப்பு, அதில் உயர்ந்த மதிப்பு, கொடுக்கட்டும். பஞ்சமி நிலத்தில் போட்ட மனைப்பிரிவுகளை மீட்கட்டும். அதில் ஏமாந்து மனை வாங்கிய ஊர்த்தெருக்காரருக்கும் சொல்கிறோம், உங்கள் வீடும் காற்றில்தான் நிற்கிறது.

அதுவரை நம் கையில் ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டு கட்டட மனை ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்ய வேண்டும். எத்தனை மனை முன்பதிவானது என்ற கணக்கை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். 'புக் ஆயிடுச்சு' என்று சொன்னால் சும்மா திரும்பாதீர்கள். தேதி, சர்வே எண், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். உங்களுக்குப் பிறகு ஊர்த்தெரு நண்பர் ஒருவரை அதே இடத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் நடந்ததை எழுதி நம் இதழுக்கு அனுப்புங்கள். பத்துப் பேர் எழுதினால் அது புகார். நூறு பேர் எழுதினால் வழக்குப் போடலாம்.