வருடம் எழுதிய பாட்டில்



இந்த இதழில் நந்தி மலை அடிவாரத்து ஒயின் தோட்டம் பற்றி ஒரு கட்டுரை வருகிறது. அமாவாசைக்கு அமாவாசை அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்க ஜனம் திரளும் மேல்மலையனூரிலிருந்து வரும் பத்திரிகைக்கு ஒயின் கதை எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2023-ல் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும், 2024-ல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தவர்கள் நமக்கு அக்கம்பக்கத்து மனிதர்கள். அதை மறந்துவிட்டு எழுத முடியாது. யாரையும் குடிக்கச் சொல்வதற்காக இந்தக் கட்டுரையைப் போடவில்லை. ஒரே பயிரை வருடக்கணக்கில் கவனித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியவர்களின் தொழில் கதை என்பதால் போடுகிறோம்.

ஒயின் நம் கரைக்குப் புதிதும் அல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டை 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த இருகைப்பிடி ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பண்டைக் காலத்தில் ஒயின் கப்பலில் வந்து இறங்கியது. இந்த மண்ணிலேயே விளைவித்துப் பார்க்கும் துணிச்சல் மும்பைத் தொழிலதிபர் கன்வல் குரோவருக்கு வந்தது நம் காலத்தில்தான். தொழில் நிமித்தம் பிரான்சுக்குப் போய்வந்தவர், ஷாம்பெய்ன் வட்டாரத்து ஜார்ஜ் வெசெல் என்ற நிபுணரைத் துணைக்கு அழைத்தார். பல பிரெஞ்சு திராட்சை ரகங்களை நட்டுப் பார்த்து, கடைசியில் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1988-ல் நிறுவனம் தொடங்கி, 1992-ல்தான் ஒயின் கடைக்கு வந்தது. பிறகு போர்தோவின் பெயர்பெற்ற ஆலோசகர் மிஷேல் ரோலானும் சேர்ந்தார்.

பிரான்சில் குளிர் வந்தால் கொடி இலையுதிர்த்துத் தூங்கிவிடும். நம் வெயிலில் அதற்குத் தூக்கமே கிடையாது. அதனால் இங்கே இரண்டு கவாத்து. அறுவடை முடிந்ததும் ஒன்று, புரட்டாசி வாக்கில் இன்னொன்று. இந்த இரண்டாம் கவாத்தில் பிடிக்கும் பழம்தான் மாசி, பங்குனியில் ஒயினுக்குப் போகிறது.

இன்னொரு சிக்கல், சூட்டில் பழத்துக்குச் சர்க்கரை மளமளவென்று ஏறிவிடும்; தோலும் விதையும் நிதானமாகத்தான் முதிரும். அவசரப்பட்டுப் பறித்தால் ஒயினில் பச்சைக் கசப்பு. தாமதித்தால் புளிப்பு செத்து, ஆல்கஹால் மட்டும் தூக்கலாகிவிடும். அதனால் பறிக்கும் நாளைக் கருவிகளை மட்டும் நம்பி முடிவு செய்வதில்லை. வரிசை வரிசையாக நடந்து, ஒரு பழத்தைப் பிதுக்கி வாயில் போட்டு, விதையைக் கடித்துப் பார்க்கிறார்கள். பச்சை விதை நாக்கைச் சுருக்கும். பழுப்பேறிய விதை நறுக்கென்று உடையும். சிவப்பு ஒயினுக்கு நிறம் தருவது தோல். நொதிக்கும்போது தோலெல்லாம் மேலே மிதந்து கெட்டியாக அடை கட்டும். அதை அன்றாடம் சாற்றுக்குள் அமுக்கிவிட வேண்டும். எத்தனை நாள் ஊறவிடுவது என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது.

கட்டுரையாளரோடு நானும் போயிருந்தேன். அந்தத் தோட்டத்தின் பெயர் சொல்லும் ‘லா ரிசர்வ்’ சிவப்பு ஒயினில், சமீபத்து வருடங்கள் இரண்டை அடுத்தடுத்த கிளாஸில் ஊற்றினார்கள். கபர்னே சாவின்யோன், ஷிராஸ் இரண்டும் கலந்து ஓக் பீப்பாயில் வைத்து எடுப்பது. இளையதில் கருநீலச் சிவப்பும், மிளகு வாசனையும், நாவல்பழம் தின்ற நாக்குபோல ஒரு துவர்ப்பும் இருந்தன. மூத்ததில் விளிம்பு செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருந்தது; துவர்ப்பு அடங்கி, பழ ருசி முன்னால் வந்திருந்தது. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு என்பது ஐரோப்பிய அறைக்குச் சொன்னது, சுமார் 16 முதல் 18 டிகிரி. நம் வீட்டுச் சூட்டில் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும்.

சமையலில் இன்று உப்புக் கூடினால் நாளைக்குத் திருத்தலாம். ஒயின் செய்பவருக்கு வருடத்துக்கு ஒரே வாய்ப்பு. 30 வருட அனுபவம் என்றால் 30 முறை செய்து பார்த்தவர், அவ்வளவுதான். அதிலும் ஒரு வருடம் பருவம் தவறி மழை பெய்தால் போயிற்று. ஆனாலும் அந்த வருடத்தைப் பாட்டிலின் மேல் அச்சடித்துத்தான் விற்கிறார். போன வருடத்தோடு ஒப்பிட்டுக் கொள்ளுங்கள் என்று நம்மிடமே விட்டுவிடுகிறார். இந்த நேர்மைதான் எனக்குப் பிடித்தது.

நம் மல்லாட்டைக்கும், அதாவது நிலக்கடலைக்கும், இது பொருந்தும். மானாவாரிக் காய்க்கும் இறவைக் காய்க்கும், செம்மண் காட்டுக்கும் மணல்சாரிக் காட்டுக்கும் ருசி வேறு என்று நம் பெரியவர்கள் ஒரு பருப்பை மென்றே சொல்லிவிடுவார்கள். செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்குப் போனால் எல்லாம் ஒரே மூட்டை. செக்கில் ஆட்டிய எண்ணெய் பாட்டிலில் எந்த ஊர்க் காய், எந்த வருடத்து விளைச்சல் என்று எழுதினால் வாங்குகிறவர் இன்னும் இரண்டு காசு கூடக் கொடுக்க மாட்டாரா? செய்து பார்த்தவர்கள் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். லாபமோ நஷ்டமோ, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்