ஷேல் எரிவாயு: சான்று இல்லாமற்போனது எப்படி?

கனடாவில் வசிக்கும் பழைய நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் பேசியபோது என்னைச் சற்றுக் கடிந்துகொண்டார். ஓய்வுபெற்ற பொறியியலாளரான அவர் எதையும் கணக்குப் பார்த்தே பேசுபவர். "2022 ஆம் ஆண்டில் ஒரு சிலிண்டர் எரிவாயுவுக்காக விடியற்காலையில் இருந்து வரிசையில் நின்ற நாட்டில் இருந்துகொண்டு, அமெரிக்கர்கள் தங்களது நிலத்தைத் துளைத்து எரிவாயு எடுப்பதைக் குறை சொல்கிறீர்களே? முறையாக ஒழுங்குபடுத்தினால் அதில் என்ன ஆபத்து இருக்கிறது? குடிநீர் கெட்டுப்போனதற்குச் சான்று எங்கே?" என்று கேட்டார்.

அந்த வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். எரிவாயுவின் அருமையை எனக்கு எவரும் எடுத்துக்கூறத் தேவையில்லை. ஆனால், நண்பரின் கடைசிக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. 'சான்று எங்கே' என்பது நியாயமான கேள்வியே. ஆனால், ஷேல் எரிவாயுத் தொழிற்துறையின் கடந்த இருபது வருடகால வரலாறு பெருமளவுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காதவாறு பார்த்துக்கொண்ட வரலாறாகவே இருந்துவருகிறது.

ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தையும் முதலிலேயே கூறிவிடவேண்டும். நான் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த வருடங்களில், அமெரிக்காவின் 'எரிவாயுப் புரட்சி' பற்றிய செய்தி முகவரகங்களின் அறிக்கைகளை ஒரு கேள்வியும் இன்றித் தமிழாக்கம் செய்து பிரசுரித்திருக்கிறேன். கிணறுகளின் எண்ணிக்கையும் எரிவாயுவின் விலையும் தலைப்புகளாயின. கிணற்றுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் எனது பக்கத்தில் ஒரு பத்தியைக் கூடப் பெறவில்லை.

ஷேல் என்பது இறுகிய களிமண் பாறை. அதன் நுண்துளைகளுக்குள் எரிவாயு அடைபட்டுக் கிடக்கிறது. ஒன்றரை, இரண்டு கிலோமீற்றர் ஆழத்துக்குச் செங்குத்தாகத் துளைத்து, பின்னர் துளையைக் கிடையாகத் திருப்பி மேலும் கிலோமீற்றர் கணக்கில் கொண்டுசென்று, பல மில்லியன் லீற்றர் நீரை மணலுடனும் இரசாயனங்களுடனும் கலந்து பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளப்பதே 'பிராக்கிங்' எனப்படும் முறை. 1990 களின் பிற்பகுதியில் டெக்ஸாஸ் மாநிலத்தின் பார்னெட் படிவில் ஜோர்ஜ் மிச்செலின் நிறுவனம் இதை இலாபகரமான தொழிலாக்கிக் காட்டியது. செலுத்தப்பட்ட நீரின் ஒரு பகுதி மேலே திரும்பி வருகிறது. அது வெறும் நீராக வருவதில்லை. பாறையில் இருக்கும் உப்பு, பேரியம், கதிரியக்கம் கொண்ட ரேடியம் ஆகியவற்றையும் சுமந்துகொண்டு வருகிறது.

இத்தகைய தொழிலை ஒழுங்குபடுத்துவதற்கு அமெரிக்காவில் சட்டம் இருக்கவே செய்தது. பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் 1974 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டது. நிலத்துக்கு அடியில் திரவங்களைச் செலுத்துவதற்கு அச்சட்டத்தின் கீழ் அனுமதி பெறவேண்டும். பிராக்கிங்கும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்று அலபாமா மாநிலம் தொடர்பான வழக்கொன்றில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் 1997 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் கூறியதைத் தொழிற்துறை ஏற்று நடந்திருக்கலாம். நடந்தது வேறு. தீர்ப்புக்கு ஏற்பத் தொழில் மாறவில்லை. தொழிலுக்கு ஏற்பச் சட்டம் மாற்றப்பட்டது.

சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வறிக்கை, நிலக்கரிப் படிவுகளில் செய்யப்படும் பிராக்கிங்கினால் குடிநீருக்கு ஆபத்து அனேகமாக இல்லை என்று கூறியது. அதே முகவரகத்தில் பல வருடங்கள் பணியாற்றிய பொறியியலாளரான வெஸ்டன் வில்சன், அந்த முடிவு விஞ்ஞான ரீதியில் தவறானது என்றும் அதை மீளாய்வு செய்த குழுவில் இருந்த எழுவரில் ஐவருக்கு நலன் முரண்பாடு இருப்பதாகத் தெரிகிறது என்றும் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். ஆனால், மறுவருடம் ஓகஸ்ட் 8 ஆம் திகதி ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் கைச்சாத்திட்ட எரிசக்திக் கொள்கைச் சட்டம், 'நிலத்தடியில் செலுத்துதல்' என்பதன் வரைவிலக்கணத்தில் இருந்தே பிராக்கிங்கை நீக்கிவிட்டது. டீசல் கலந்த திரவம் மாத்திரமே விதிவிலக்கு. துணை ஜனாதிபதியாக இருந்த டிக் செனி முன்னர் தலைமை வகித்த ஹலிபேட்டன் நிறுவனத்தின் பெயராலேயே அந்த ஓட்டையை அமெரிக்க மக்கள் இன்றுவரை அழைக்கிறார்கள். இது ஒரு கட்சியின் பாவம் மாத்திரமல்ல. அன்று செனட்டராக இருந்த பராக் ஒபாமாவும் அச்சட்டத்துக்கு ஆதரவாகவே வாக்களித்தார். அந்த விதிவிலக்கை நீக்குவதற்கு 2009 ஆம் ஆண்டு முதல் கொண்டுவரப்பட்ட சட்டமூலங்கள் எதுவும் நிறைவேறவில்லை.

வரைவிலக்கணத்தில் கைவைப்பதன் வசதி என்னவென்பதை நண்பரைப் போன்றவர்கள் சிந்திக்கவேண்டும். இரண்டு கிலோமீற்றர் ஆழத்தில் ஏற்படுத்தப்படும் பிளவு, நூறு மீற்றர் ஆழத்தில் இருக்கும் குடிநீரை எட்டுவதில்லை என்று தொழிற்துறை கூறுவதில் பெருமளவு உண்மை உண்டு. ஆனால், துளையைச் சுற்றியுள்ள சீமெந்துக் காப்பு வெடித்தால், கழிவுநீர்த் தடாகம் கசிந்தால், தாங்கி லொறி கவிழ்ந்தால் கெட்டுப்போவது அதே குடிநீர்தான். பாறை பிளக்கப்படும் அந்தச் சில நாட்களை மாத்திரம் பிராக்கிங் என்று பெயரிட்டுக்கொண்டால், மற்றவை எல்லாம் வேறு கணக்கில் போய்விடும். பிறகு, பிராக்கிங்கினால் எவருடைய கிணறும் கெடவில்லை என்று சத்தியம் செய்வதில் சிரமம் ஏதும் இருக்கப்போவதில்லை.

பென்சில்வேனியா மாநிலத்தின் டிமொக் என்ற கிராமத்துக்கு நேர்ந்த கதி இதற்கு உதாரணம். எரிவாயுத் துரப்பணம் தொடங்கிய பின்னர், 2009 ஆம் ஆண்டு புத்தாண்டு தினத்தன்று அங்கு ஒரு வீட்டின் குடிநீர்க் கிணறு வெடித்தது. மெதேன் வாயு கிணற்று நீரில் கலந்திருந்தது. அந்தப் பகுதியின் நிலத்தில் மெதேன் இயற்கையாகவே உண்டு என்பது துரப்பணம் செய்த கபொட் நிறுவனத்தின் வாதம். மாநில அதிகாரிகள் அதை ஏற்காமல் ஒன்பது சதுர மைல் பரப்பில் புதிய துரப்பணத்துக்குத் தடை விதித்தனர். 2012 ஆம் ஆண்டில் சமஷ்டி முகவரகம் கிணறுகளைப் பரிசோதித்துவிட்டு மேலதிக நடவடிக்கை தேவையில்லை என்று அறிவித்தது. வழக்குத் தொடுத்த குடும்பங்களில் பெரும்பாலானவை இழப்பீடு பெற்று, அதுபற்றி வெளியில் பேசுவதில்லை என்று உடன்பட்டன. வாய் அடைக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துடனும் ஒரு சான்றும் ஆவணக் கோப்புக்குள் போய்விட்டது.

பதினொரு வருடங்கள் கழித்து, 2020 ஜூனில் அந்த நிறுவனத்துக்கு எதிராக மாநிலச் சட்டமா அதிபர் குற்றவியல் வழக்குத் தொடுத்தார். அதன் வாரிசு நிறுவனமான கொடெரா 2022 நவம்பரில் குற்றச்சாட்டை மறுத்து வாதிடாமல், கிராமத்துக்குக் குழாய்நீர் கொண்டுவருவதற்கு 1 கோடி 62 இலட்சம் டொலருக்கும் அதிகமான தொகையை வழங்க இணங்கியது. இதில் வேதனை தரும் வேடிக்கை என்னவென்றால், அதே காலப்பகுதியிலேயே டிமொக்கில் மீண்டும் எரிவாயு எடுப்பதற்கும் வழி திறந்துவிடப்பட்டது. கிணற்று நீர் கெட்டு பதின்மூன்று வருடங்களுக்குப் பிறகு, கிணறு வைத்திருந்த மக்களுக்குக் குழாய்நீர் வாக்குறுதி. இதற்குப் பெயர்தான் ஒழுங்குபடுத்தலா?

பென்சில்வேனியா 2012 ஆம் ஆண்டில் '13 ஆம் இலக்கச் சட்டம்' என்று அறியப்படும் சட்டத்தைக் கொண்டுவந்தது. நண்பர் கேட்கும் ஒழுங்குபடுத்தலுக்கு அதுவே நல்ல மாதிரி. ஷேல் எரிவாயுக் கிணறு ஒரு கட்டிடத்தில் இருந்து 500 அடி தூரத்துக்கு அப்பால் இருக்கவேண்டும் என்கிறது அச்சட்டம். அதேவேளை, எரிவாயுக் கிணற்றில் இருந்து 2,500 அடிக்குள் உள்ள குடிநீர், துரப்பணப் பணிகள் முடிந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் கெட்டுப்போனால், மறுத்து நிரூபிக்கும் வரை நிறுவனமே பொறுப்பு என்றும் கூறுகிறது. இரண்டாவது ஏற்பாடு நல்ல ஏற்பாடு. நிரூபிக்கும் சுமையைச் சரியான தோளில் வைக்கிறது. ஆனால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2,500 அடி தூரம் வரை நீர் கெடக்கூடும் என்று தெரிந்த சட்டமே 500 அடியில் துளைக்க அனுமதிக்கிறது. நிலத்தடி நீர் நாட்காட்டியைப் பார்த்து நகர்வதில்லை. பதின்மூன்றாவது மாதத்தில் கெட்டுப்போகும் கிணற்றுக்குச் சொந்தக்காரர், எந்த இரசாயனத்தைத் தேடவேண்டும் என்று தெரியாமலேயே சான்று தேடிப் புறப்படவேண்டும்.

ஏனென்றால், அந்த இரசாயனங்கள் வர்த்தக இரகசியம். நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் கேட்டால் நிறுவனம் சொல்லலாம். ஆனால், அவர் இரகசியம் பேணுவதாகக் கையெழுத்திடவேண்டும் என்று அதே சட்டம் விதித்தது. மாநில உயர் நீதிமன்றம் 2016 செப்டெம்பரில் அந்த ஏற்பாட்டைச் செல்லுபடியற்றதாக்கும் வரை நான்கு வருடங்கள் அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. நோய்க்கான காரணத்தை அறியும் மருத்துவர் அதை ஊருக்குச் சொல்ல முடியாது என்றால் சான்று எங்கிருந்து வரும்?

வாஷிங்டனிலும் இதே கதைதான். 2015 ஜூனில் வெளியான சமஷ்டி முகவரகத்தின் வரைவு அறிக்கை, குடிநீருக்குப் பரவலான பாதிப்பு ஏற்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. உலகப் பத்திரிகைகள் அந்த ஒரு வரியைத் தலைப்பாக்கின. அந்த முடிவுக்குப் போதிய தரவு ஆதாரம் இல்லை என்று முகவரகத்தின் சொந்த விஞ்ஞான ஆலோசனைச் சபையே மறுவருடம் சுட்டிக்காட்டியது. 2016 டிசெம்பரில் வெளியான இறுதி அறிக்கையில் அந்த வரி இல்லை. சில சூழ்நிலைகளில் குடிநீர் பாதிக்கப்பட முடியும் என்றும், பாதிப்பு எவ்வளவு பரவலானது என்று கணிப்பதற்குத் தரவுகள் போதாது என்றும் அது கூறியது. திருத்தம் முதல் செய்தியைப் போல் பயணிப்பதில்லை என்பது பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

சுகாதாரத்தைப் பொறுத்தவரை, பெற்றோர்களின் கோரிக்கையை அடுத்து பென்சில்வேனியா அரசாங்கத்தின் நிதியில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வுகள் 2023 ஓகஸ்டில் வெளியாகின. கிணறுகளில் இருந்து ஒரு மைல் தூரத்துக்குள் வாழ்ந்த சிறுவர்களுக்கு, ஐந்து மைலுக்குள் கிணறுகளே இல்லாத இடங்களின் சிறுவர்களுடன் ஒப்பிடுகையில், நிணநீர்ப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. கிணறுகள் உற்பத்தியில் ஈடுபட்டிருந்த காலத்தில் ஆஸ்துமா தீவிரமடைவதுடனும் வலுவான தொடர்பு தெரிந்தது. அதே ஆய்வு, சிறுவர்களின் இரத்தப் புற்றுநோயுடன் தொடர்பைக் காணவில்லை. யேல் பல்கலைக்கழகம் முந்திய வருடம் வெளியிட்ட ஆய்வு கண்டது. தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால், அந்த மாநிலத்தில் ஆயிரக்கணக்கான கிணறுகள் தோண்டப்பட்ட பிறகே இந்த ஆய்வுகள் நடந்தன. குழந்தைகளே பரிசோதனைப் பொருட்களாயினர்.

மறுபக்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அமெரிக்க மின் உற்பத்தியில் நிலக்கரியின் இடத்தை எரிவாயு பிடித்ததனால் புகையும் கரியமில வாயுவும் குறைந்தன என்பது உண்மை. ஆனால், குழாய்களில் இருந்து கசியும் மெதேன் இருபது வருட காலத்தில் கரியமில வாயுவை விட எண்பது மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது. அந்த இலாபத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பது கசிவைப் பொறுத்தது, கசிவையும் அளக்கவேண்டும். இங்கும் அளவுகோல் நிறுவனத்தின் கையிலேயே நீண்டகாலம் இருந்தது.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. டிமொக்கின் அடியில் உள்ள அதே மார்செலஸ் பாறைதான் நியூயோர்க் மாநிலத்தின் அடியிலும் இருக்கிறது. பாதுகாப்பானது என்று சொல்வதற்குப் போதிய தகவல் இல்லை என்ற காரணத்துக்காகவே அந்த மாநிலம் 2014 டிசெம்பரில் பிராக்கிங்கை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. எல்லையின் இருபுறமும் ஒரே பாறை, ஒரே விஞ்ஞானம், ஒரே அறியாமை. அந்த அறியாமையின் பலனை ஒரு மாநிலம் நிறுவனத்துக்கும் மற்றைய மாநிலம் மக்களுக்கும் கொடுத்தது.

தமிழ் வாசகர்களுக்கு இது தொலைதூரக் கதை அல்ல. இந்திய மத்திய அரசாங்கம் 2013 ஒக்டோபரில் அறிவித்த ஷேல் கொள்கையின் கீழ் ஆய்வுக்குரிய படுகைகளில் காவேரிப் படுகையும் அடங்கியிருந்தது. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுத் துரப்பணத்துக்குப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கவேண்டிய நிபந்தனை நீக்கப்பட்டது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டசபை, டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி ஷேல் எரிவாயு உட்படப் புதிய திட்டங்களைத் தடைசெய்தது. ஏற்கெனவே இயங்கும் கிணறுகளை அது தொடவில்லை. நெடுவாசல் விவசாயிகள் 2017 ஆம் ஆண்டில் வீதிக்கு வந்திராவிட்டால் அந்தச் சட்டமும் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

சுன்னாகம் விவகாரத்துக்கு ஷேல் எரிவாயுவுடன் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால், நிரூபிக்கும் சுமை என்றால் என்ன என்று எனக்குக் கற்றுத்தந்தது அதுதான். மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக ஒரு பரிசோதனை கூறியது. இல்லை என்று மாகாண சபை நியமித்த நிபுணர்கள் குழு கூறியது. மக்கள் வாளியில் மிதந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதுவரையில் அந்த நீரைக் குடிப்பதா இல்லையா என்பதை ஒவ்வொரு தாயும் தானே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

எனவே, நண்பருக்கு எனது பதில் இதுதான். ஒழுங்குபடுத்தலுக்கு நான் எதிரானவன் அல்ல. முதல் துளை விழுவதற்கு முன்னர் சுற்றியுள்ள ஒவ்வொரு கிணற்று நீரையும் நிறுவனத்தின் செலவில், சுயாதீன ஆய்வுகூடத்தில் பரிசோதித்து முடிவுகளைப் பகிரங்கப்படுத்தட்டும். ஒரு இரசாயனத்தையும் மறைக்காமல் சொல்லட்டும். நீர் கெட்டால் கெடுத்தது தானல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை, பன்னிரண்டு மாதங்களுக்கு அல்ல, கிணறு இருக்கும் வரையில் நிறுவனமே சுமக்கட்டும். இழப்பீட்டுடன் மௌனத்தையும் விலைக்கு வாங்குவதைச் சட்டம் தடைசெய்யட்டும். எரிவாயுக் கிணறுகளுக்கும் வீடுகளுக்கும் இடையிலான தூரம், பென்சில்வேனியாவின் பெரும் ஜூரிகள் சபை 2020 ஆம் ஆண்டில் விதந்துரைத்தவாறு 2,500 அடியாகட்டும்.

இந்த நிபந்தனைகளுடன் தொழில் கட்டுப்படியாகாது என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். அப்படியானால், இவ்வளவு காலமும் அந்த எரிவாயுவை மலிவாக்கிய பணம் எவருடைய கிணற்றில் இருந்து எடுக்கப்பட்டது என்பதை நண்பர் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும்.