பாவம் ஓரிடம்... பழி ஐஸ்க்ரீம் மேல!

பேரைக் கேட்டாலே குமட்டுற ஐட்டம் ஒண்ணு உங்களுக்கும் இருக்கும்தானே?

எனக்கு எலுமிச்சை சாதம். காலேஜ் டூர்ல, பஸ் மலை ஏறுறதுக்கு முன்னாடி ஒரு பொட்டலத்தைக் காலி பண்ணினேன். அஞ்சாவது கொண்டை ஊசி வளைவுலயே தலை ஜன்னலுக்கு வெளியே! வளைவுதான் வில்லன்னு எனக்கு நல்லாவே தெரியும். ஆனா, தண்டனை இன்னிக்கு வரைக்கும் எலுமிச்சை சாதத்துக்குத்தான். பஸ் மேலயோ, பக்கத்து சீட்டுல இருந்தவன் மேலயோ ஒரு வெறுப்பும் வரலை. அது ஏன்?

இதே சிக்கல்ல மாட்டின எலிகளை 1950-களில் ஒருத்தர் கவனிச்சார். பேரு ஜான் கார்சியா. சான் ஃபிரான்சிஸ்கோவில், அமெரிக்கக் கடற்படையின் கதிரியக்க ஆய்வுக்கூடத்தில் வேலை. எலிகள் மேல கதிர்வீச்சு பட்டா என்ன ஆகும்னு பார்க்கணும். போகப் போக, சோதனைக் கூண்டுல வைக்கிற தண்ணியை எலிகள் ஒதுக்க ஆரம்பிச்சுது. சொந்தக் கூண்டுல மட்டும் வழக்கம்போல குடிச்சுது. வித்தியாசம் பாட்டில்ல இருந்தது. சோதனைக் கூண்டுல பிளாஸ்டிக், அங்கே கண்ணாடி. கதிர்வீச்சால வயிறு புரட்ட, எலிகள் பழியைப் போட்டது பிளாஸ்டிக் ருசி மேல!

சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணியைக் கொடுத்துட்டு கதிர்வீச்சைப் பாய்ச்சினார். ஒரே தடவைதான். அதுக்கப்புறம் இனிப்புத் தண்ணின்னாலே எலிங்க எஸ்கேப். இது வெளியானது 1955-ல்.

1966-ல் அவரும் கோலிங்கும் செஞ்சதுதான் செம மேட்டர். எலி இனிப்புத் தண்ணியை நக்கும்போதெல்லாம் ஒரு வெளிச்சம், ஒரு 'டிக்' சத்தம். சில எலிகளுக்குக் காலில் ஷாக் கொடுத்தாங்க. சிலதுக்கு வயித்தைப் புரட்ட வச்சாங்க. ஷாக் வாங்கின எலி வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் பயந்துச்சு, இனிப்பை விடலை. வயிறு புரண்ட எலி அப்படியே உல்ட்டா! வலி தோல்ல வந்தா கண்ணு, காது மேல சந்தேகம். வயித்துல வந்தா நாக்கு மேல. எலிக்கு வாந்தி எடுக்கவே வராது. உள்ளே போனது போனதுதான். அதனால முன்கூட்டியே உஷாரா இருந்தாத்தான் பிழைக்கும்.

பாவ்லோவோட நாய்க்கதையில ஊறிப்போன அந்தக் கால உளவியல்காரங்களுக்கு இது ஜீரணமாகலை. திரும்பத் திரும்பப் பழக்கணும், நடுவில சில விநாடி இடைவெளிதான் இருக்கலாம்னு நம்பினவங்க அவங்க. ஒரே தடவையில, அதுவும் சாப்பிட்டு ரொம்ப நேரம் கழிச்சு வயிறு புரண்டாகூட பாடம் பதியுதுன்னா எப்படி? பெரிய பத்திரிகைகள் கார்சியாவின் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பின. மனுஷன் அசரலை. 1983-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமி அவரை உறுப்பினராக்கியது.

சரி, எலிக்கதை நமக்கு எதுக்கு? புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுக்கிற குழந்தைங்களை நினைச்சுப் பாருங்க. மருந்து குமட்டும். பழி, அதுக்கு முன்னாடி சாப்பிட்டது மேல. இலீன் பெர்ன்ஸ்டைன்ங்கிற ஆய்வாளர் சிகிச்சைக்கு முன்னாடி, அதுவரை ருசிக்காத ஒரு ஐஸ்க்ரீமைக் கொடுத்துப் பார்த்தார். சில வாரம் கழிச்சு அதையே நீட்டினா, பெரும்பாலான பிள்ளைங்க வேண்டாம்னுட்டாங்க. ஐஸ்க்ரீமை! இது 1978-ல். ஏற்கெனவே இளைச்சுப் போன பிள்ளை, ஒவ்வொரு சாப்பாடா வெறுத்துக்கிட்டே வந்தா என்னத்தைச் சாப்பிடும்?

அதுக்கும் அவரே ஒரு ஐடியா பிடிச்சார். சாப்பாட்டுக்கும் சிகிச்சைக்கும் நடுவில, புது ருசியில ஒரு மிட்டாய். வெறுப்பின் பெரும்பங்கு மிட்டாய் மேல போக, சாப்பாடு ஓரளவு தப்பிச்சுது. பலியாடு மிட்டாய்!

உங்க வீட்டுல, தெருவுல யாராவது கீமோவுக்குப் போயிட்டு வர்றாங்களா? பாசத்துல, கிளம்புற அன்னிக்குக் காலையிலயே அவங்களுக்கு உயிரான மீன் குழம்பை வச்சுக் கொடுத்துடாதீங்க. டாக்டர் சொன்னதுல லேசா ஏதாவது சாப்பிடட்டும். மீன் குழம்பு, குமட்டல் அடங்கின நாளுக்கு.