தூரிகை எழுத்தும் புள்ளியும்

அமெரிக்க அச்செழுத்து வார்ப்பு நிறுவனமொன்றிற்காக இராபர்ட் சிமித் என்பார் வரைந்து, 1942ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிரஷ் ஸ்கிரிப்ட்’, தூரிகையின் ஓட்டத்தை ஈயத்திற் காட்டியது. அதன் சிற்றெழுத்துக்கள் ஒன்றையொன்று தொடுவன. தமிழெழுத்தோ தனித்து நிற்பது. அப்பாணியைத் தமிழுக்கு ஏற்றுவோர் இவ்வேற்றுமையை உணர்தல் வேண்டும்.

எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடுமென்றஞ்சிப் பலவிடத்தும் புள்ளியை விடுத்தனர் முன்னோர். தூரிகைக்கு அவ்வச்சமில்லை, ஆயினும் ஓட்டத்தில் அது புள்ளியை விழுங்கிவிடுகின்றது. புள்ளியிழந்த ‘கல்வி’ யாதாகுமென மாணவர் முன் உரைக்க நாணுகின்றோம்!

வற்றாப்பளைப் பொங்கல் விளம்பரத்திற்கும் மலரொன்றின் அட்டைக்கும் அவ்வெழுத்து அழகே. தண்ணீரூற்றிலே பாடசாலைப் பெயர்ப்பலகைக்கும், பழைய மாணவர் பெயர்நிரலுக்கும் அதனை யாம் ஒப்பமாட்டோம். பாலர் வகுப்புப் பிள்ளை முதன்முதல் எழுத்துக்கூட்டிப் படிப்பது அப்பலகையையன்றோ?