பேனர் மங்குவது அச்சு மிஷினில் அல்ல

புரட்டாசி பிறந்துவிட்டால் குலசேகரன்பட்டினத்தைச் சுற்றி எந்த முக்கில் திரும்பினாலும் தசரா குழுக்களின் பேனர்தான். நடுவில் முத்தாரம்மனும் ஞானமூர்த்தீஸ்வரரும், ஒரு பக்கம் காளி வேடம், கீழே குழுவினரின் முகங்கள் வரிசையாக. அந்த முகங்கள் பலவும் மங்கிக் கிடக்கின்றன. அம்மனின் மூக்குத்தி ஒரு வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. இந்தப் பக்கத்தில் டிசைன் வேலை பார்த்துப் பிழைப்பவன் நான். விரதம் இருந்து, காப்புக் கட்டி, வேடம் போட்டு ஊர் ஊராய்க் காணிக்கை எடுத்து ஆடும் மக்களுக்கு இப்படி ஒரு பேனர் தகாது. தெளிவான பேனருக்குக் கூடுதலாகப் பத்துப் பைசா செலவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பழி எப்போதும் அச்சுக்கடை மேல்தான் விழும். “அண்ணாச்சி, போன்ல பளிச்சுன்னுதான இருந்துச்சு, உங்க மிஷின்லதான் என்னமோ கோளாறு” என்று தம்பிகள் வந்து நிற்பார்கள். கோளாறு மிஷினுக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். கேன்வா என்ற டிசைன் செயலியைத் திறந்ததும் பலரும் எடுப்பது இன்ஸ்டாகிராம் அளவு, 1080-க்கு 1080 பிக்சல். உள்ளங்கையளவு திரைக்கு அது தாராளம். அதையே 10 அடி அகலத்துக்கு இழுத்தால் கணக்கு என்ன ஆகிறது? 120 அங்குலத்துக்கு 1080 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு வெறும் 9. தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு அங்குலத்துக்கு 70, 75 இருந்தால் போதும். கையில் பிடித்துப் படிக்கிற நோட்டீசுக்கு 300 வேண்டும். ஒன்பதை வைத்துக்கொண்டு எந்த மிஷினும் அம்மனின் கண்ணை அச்சடிக்காது.

அதோடு விடுவதில்லை. செய்து முடித்ததை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புகிறார்கள். வாட்ஸ்அப் ஒவ்வொரு படத்தையும் சுருக்கித்தான் கடத்தும். 2023-ல் வந்த எச்டி வசதியும் குறைவாகச் சுருக்குகிறதே தவிர, சுருக்காமல் விடுவதில்லை. குழுவில் ஒருவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவருக்கு அனுப்ப, கடைக்கு வந்து சேருவது சக்கைதான்.

கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) வரைந்த சாமிப் படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி, இன்றும் எத்தனையோ வீட்டுப் பூஜை அறையில் இருக்கின்றன. காகிதம் பழுத்திருக்கும், கண்ணாடிக்குள் பூச்சி போயிருக்கும். லட்சுமியின் வளையல் மட்டும் அப்படியே இருக்கும். மூலப் படம் முழுதாக இருந்தது, அச்சு அதிலிருந்து இறங்கி வந்தது. நாம் இப்போது சின்னதைச் செய்துவிட்டு மேலே ஏற்றப் பார்க்கிறோம்.

எழுத்துக்கு இதில் தனிச் சேதம் உண்டு. தமிழில் ஒரு புள்ளி கரைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். தசரா நோட்டீசின் நிறமோ சிவப்பு. ஜேபிஜி கோப்பு நிற விவரத்தைக் குறைத்துத்தான் சேமிக்கும். அதனால் கறுப்பு எழுத்து ஓரளவு தாக்குப்பிடிக்கும், சிவப்பு எழுத்தின் ஓரம் கலங்கிவிடும். போனில் பார்ப்பதற்கு மட்டும் என்றால் பிஎன்ஜி-யாக இறக்குங்கள். அச்சுக்கு என்றால் பிடிஎஃப் பிரிண்ட். அதில் எழுத்து பிக்சலாக இல்லாமல் வடிவமாகவே இருக்கும், எத்தனை அடிக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் சிதையாது. கேன்வாவில் படத்தை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பெரிதாக இறக்குவதற்குத்தான் சந்தா கேட்கும். பிடிஎஃப் பிரிண்ட் இலவசக் கணக்கிலேயே இருக்கிறது. 10-க்கு 8 அடி பேனர் என்றால் தொடங்கும்போதே கால் பங்கு அளவை, 30-க்கு 24 அங்குலம் என்று, நாமாகக் கொடுத்துவிட வேண்டும். அங்குலத்துக்கு 300 என்று இறங்குவது நாலு மடங்கு பெரிதாகும்போது 75-ல் வந்து நிற்கும். வைக்கிற போட்டோவும் கேமராவிலிருந்து நேராக வந்ததாக இருக்க வேண்டும். போட்டோவில் இல்லாததை எந்தக் கோப்பு வகையும் கொண்டுவந்து சேர்க்காது.

திருவிழாவுக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. சிக்னல் திரும்பியதும் என் போனுக்கு வந்தவற்றில் உதவி எண்கள் போட்ட படங்களும் உண்டு. கை மாறிக் கை மாறி வந்ததில் 3-ஆ 8-ஆ என்று பிரித்தறிய முடியவில்லை. போன் நம்பரைப் படத்துக்குள் மட்டும் வைக்காமல் கீழே எழுத்தாகவும் தட்டிவிட வேண்டும் என்பதை அரசு அலுவலகங்களும் பங்குச் சபைகளும் ஜமாத்துகளும் எழுதாத விதியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, எனக்கு மிகவும் வலிக்கிற ஒன்று. இப்போது மங்கிய படத்தை ஏஐ-யில் போட்டுத் தெளிவாக்கித் தருகிறார்கள். கடலோர ஊர் ஒன்றில் இறந்துபோன பெரியவர் ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர். இருந்தது அடையாள அட்டைப் படம் மட்டும். வேறு எங்கோ கொடுத்துத் தெளிவாக்கி வாங்கி வந்திருந்தார்கள். தோல் வழவழவென்று இருந்தது, இமை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. மகள் பார்த்துவிட்டு, “இது எங்க அப்பா இல்ல” என்றார். உண்மைதான். அந்த மென்பொருள் இல்லாத விவரத்தைத் தானாக ஊகித்து வரைகிறது. இடது புருவத்தில் இருந்த பழைய வெட்டுத் தழும்பை அது துடைத்துவிட்டிருந்தது. பிறகு பேரன் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். அதை ஸ்கேனரில் 600-ல் எடுத்து, முகத்தைப் பேனரின் ஒரு மூலையில் இரண்டடிக்கு மேல் போகாமல் வைத்தோம். பெயரைப் பெரிதாகப் போட்டோம். சின்னப் படம் சின்னதாகவே இருந்தால் அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆளையே மாற்றிப் பெரிதாக்குவதுதான் இறந்தவருக்குச் செய்யும் அவமரியாதை.

கடைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வந்ததை வாங்கி அப்படியே ஓட்டிவிடுகிறோம். முதலில் ஓரடித் துண்டு ஒன்றை அசல் அளவில் அச்சடித்துக் காட்டினால் பாதிச் சண்டை இருக்காது. ‘படமாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள்’ என்று ஓர் அட்டை எழுதிக் கல்லாவுக்கு மேல் மாட்ட எத்தனை நேரம் ஆகும்?

குழுத் தலைவர்கள் இந்த ஆண்டு கொடியேற்றத்துக்கு முன்பே ஒரு வேலை பார்க்கலாம். போன ஆண்டு பேனர் செய்த தம்பியைப் பிடித்து, அம்மன் படத்தின் அசல் கோப்பையும் குழுப் போட்டோவின் அசலையும் கேட்டு வாங்கி, ஒரு பென் டிரைவிலும் குழுவின் மெயிலிலும் போட்டு வைத்துவிடுங்கள். அந்தத் தம்பி வேலைக்கு வெளிநாடு போய்விட்டால் அவர் போனோடு அதுவும் போய்விடும்.